விலை போடாத நடை: கார்த்தஹேனா ஃப்ரீ வாக்கிங் டூர் போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃப்ரீ என்பது பெயரில்தான் இருக்கிறது. நடந்து முடித்ததும் உங்களுக்குத் தோன்றுகிற பணத்தை வழிகாட்டி கையில் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒன்றும் கொடுக்காமல் கூட்டத்தோடு கூட்டமாக நழுவினாலும் யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. கொலம்பியாவின் கரீபியன் கடற்கரையில் இருக்கிற பழைய துறைமுக ஊரான கார்த்தஹேனாவில் இந்த மாதிரி நடைகள் காலையும் மாலையும் கிளம்புகின்றன. நாங்கள் குடும்பத்தோடு போய்விட்டு வந்ததிலிருந்து காங்கயத்திலும் திருப்பூரிலும் பார்க்கிற ஒறம்பரை எல்லாம் கேட்பது ஊர் எப்படி என்று அல்ல, "அந்த ஓசி டூரு நெசமாவே ஓசிதானுங்களா" என்றுதான். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற வீடு இன்றைக்குத் தெருவுக்கு நாலு இருக்கிறது. அவர்களைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் அப்படியே இந்த ஊருக்கும் ஒரு எட்டுப் போய்வர நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு: கோட்டைச் சுவருக்குள் சுற்றுகிற காலை நடைக்குப் பத்துக்கு ஆறு. ஹெட்செமானி என்கிற பகுதியில் மாலையில் போகிற நடைக்குப் பத்துக்கு ஒன்பது.

இந்த மார்க்கில் பாதி என் மாமனார் போட்டது. மாமா திருப்பூரில் நூல் கமிஷன் வியாபாரம் செய்கிறவர், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் போனில் பேசுவார், விலை சொல்லாத கடையில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மச்சான் மயாமியில் இருக்கிறார், அங்கே போயிருந்தபோது மாமா, அத்தை, நான், என் மனைவி என்று நாலு பேரும் கார்த்தஹேனாவுக்குக் கிளம்பினோம். மயாமியிலிருந்து நேர் விமானத்தில் மூன்று மணி நேரம் கூட ஆகாது. ஃப்ரீ டூர் பதிவு செய்திருக்கிறேன் என்று சொன்னதும் மாமா சொன்னது: "மாப்ள, வெல சொல்லாம ஒருத்தன் சரக்குக் குடுக்கறான்னா, ஒண்ணு சரக்கு சொத்தையா இருக்கோணும், இல்லீன்னா நம்மகிட்ட வேற எதையோ எதிர்பாக்கறானுங்க." அவர் சொன்ன இரண்டாவது காரணம் பாதி சரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு செய்வது சுலபம். இணையத்தில் பெயர், எத்தனை பேர், எந்த மொழி என்று கொடுத்தால் போதும், முன்பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். மொழியை மட்டும் கவனமாகப் பாருங்கள், ஸ்பானிஷ் நடையும் ஆங்கில நடையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து கிளம்பும். எந்தக் குழு என்று குடையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழிகாட்டி கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்றும் பாருங்கள், கொலம்பியாவில் வழிகாட்டி வேலை பார்க்கப் படித்துப் பதிவு செய்து அட்டை வாங்கியிருக்க வேண்டும். சதுக்கத்தில் நின்றுகொண்டு "ஃப்ரீ டூர், ஃப்ரீ டூர்" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் எல்லோரிடமும் அது இருக்காது.

கிளம்புவதற்கு முன் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குழுப் படம் எடுத்தார்கள். மாமாவுக்கு உடனே சந்தேகம். இது எதற்கு என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். வழிகாட்டிப் பையன் சிரித்துக்கொண்டே, படத்தில் எத்தனை தலை இருக்கிறதோ அதை நிறுவனம் எண்ணிக்கொள்ளும் என்றான். இந்த மாதிரி நடை நடத்துகிற பல நிறுவனங்களின் ஏற்பாடு இதுதான். 2000-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஆரம்பித்து ஊர் ஊராகப் பரவிய முறை இது. வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது, ஆள் பிடித்துக் கொடுத்ததற்காகத் தலைக்கு இவ்வளவு என்று வழிகாட்டிதான் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும், மேலே கிடைப்பது அவருக்கு. அதாவது ஒன்றும் கொடுக்காமல் போகிற ஆளால் வழிகாட்டிக்கு வரவு இல்லை என்பது மட்டுமல்ல, கைக்காசு வேறு போகும். இதைத் தமிழில் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப சும்மா போறவன் அந்தப் பையனுக்கு நட்டம் வெச்சுட்டுப் போறானா" என்றார். ஓசி என்கிற பேச்சு அதோடு முடிந்தது.

காலை நடை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தது. மஞ்சள் நிறக் கோபுரம், அடியில் வாசல், அதுதான் பழைய ஊருக்குள் போகிற தலைவாசல். 1533-இல் பெத்ரோ தெ எரேதியா என்கிற ஸ்பானியர் நிறுவிய ஊர். பெருவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சேர்கிற தங்கமும் வெள்ளியும் ஸ்பெயினுக்குப் போகிற வழியில் கப்பல்கள் தங்கிப்போகிற துறைமுகம், அதனால் கொள்ளைக்காரர்களுக்கு எப்போதும் இதன்மேல் ஒரு கண். 1984-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வழிகாட்டிப் பையன் நல்ல பேச்சுக்காரன், நகைச்சுவை சரளமாக வருகிறது, நாடு நாடாகக் கேட்டு ஒவ்வொருவரையும் கிண்டல் செய்தான். எங்களிடம் கிரிக்கெட் பற்றி ஏதோ சொன்னான். முப்பது பேருக்குக் குறையாத கூட்டம், பின்னால் நின்றால் பாதி காதில் விழாது.

வாசலைத் தாண்டியதும் வருகிற முக்கோணச் சதுக்கத்தில் நின்றோம். இங்கேதான் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகளை விற்றார்கள் என்று ஒரே வரி சொன்னான், அடுத்த வரியே சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிற மிட்டாய்க்கடை வளைவுகளுக்குப் போய்விட்டது. தேங்காய் மிட்டாய், பால் மிட்டாய், சர்க்கரையில் புரட்டிய புளி உருண்டை எல்லாம் கண்ணாடி ஜாடிகளில். அத்தைக்குப் புளி உருண்டையைப் பார்த்ததும் பரம சந்தோஷம், ஒரு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், வெயில் நேரத்தில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் எனக்கு அந்த ஒரு வரி உறுத்தலாக இருந்தது. ஸ்பெயினின் அமெரிக்க நாடுகளுக்கு அடிமைகளை இறக்க அனுமதி பெற்றிருந்த முக்கியமான துறைமுகம் இது. அதற்கு ஒரு வரி, மிட்டாய்க்குக் கால் மணி நேரம்.

அப்புறம் சான் பெத்ரோ கிளாவெர் தேவாலயம். அடிமைக் கப்பல் வந்து நின்றதும் அடித்தட்டில் இறங்கி, குற்றுயிராகக் கிடப்பவர்களுக்குத் தண்ணீரும் மருந்தும் கொடுத்த பாதிரியார்தான் கிளாவெர், 1654-இல் இறந்தார், 1888-இல் புனிதர் ஆக்கினார்கள், எலும்புகளை பலிபீடத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் உள்ளே போகவில்லை, டிக்கெட் வேண்டும், நேரமும் இல்லை என்றான். வெளியே சதுக்கத்தில் பழைய இரும்புத் தகட்டில் செய்த சிலைகள் நிற்கின்றன, சவரம் செய்கிறவர், சதுரங்கம் ஆடுகிறவர்கள், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். திருப்பூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் வர முடியுமா, மாமாவும் எடுத்துக்கொண்டார்.

பொலிவார் பூங்காவுக்கு எதிரே விசாரணை மன்றத்து மாளிகை. மதத்துக்கு விரோதமானவர்கள், சூனியக்காரிகள் என்று ஆட்களைப் பிடித்து விசாரிக்க 1610-இல் ஏற்படுத்திய மன்றம். லிமா, மெக்சிகோ, கார்த்தஹேனா என்று இந்தக் கண்டங்களில் மூன்றே இடத்தில்தான் இருந்தது. மாளிகையின் பக்கச் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று, மேலே சிலுவை. யார் மேலாவது புகார் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுப் போகலாம். அத்தை அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி சன்னல் எதுக்குங்க, நம்மூர்ல திண்ணையே போதும்" என்றார். என் மனைவி அதை ஆங்கிலத்தில் பையனிடம் சொல்ல, அடுத்த குழுவுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டான்.

கதவில் தட்டுகிற பித்தளைப் பிடிகளைப் பற்றியும் விரிவாகச் சொன்னான். பல்லி உருவம் இருந்தால் அரச பரம்பரை, சிங்கம் என்றால் படைக்காரர், மீனோ கடல்கன்னியோ இருந்தால் கடல் வியாபாரி, கை இருந்தால் மதத்தோடு தொடர்புள்ள வீடு என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். இப்போது ஹோட்டல்காரர்கள் இஷ்டத்துக்கு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள் என்றும் அவனே சொன்னான், நேர்மையான பையன். சாந்தோ தொமிங்கோ சதுக்கத்தில் பொத்தேரோ என்கிற கொலம்பியச் சிற்பி செய்த கொழுத்த பெண்ணின் வெண்கலச் சிலை படுத்திருக்கிறது, தொட்டால் அதிர்ஷ்டம் என்று எல்லோரும் தொட்டுத் தொட்டு சில இடங்கள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. மாமாவும் அத்தையும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இங்கே சிரிப்புக்கு ரொம்ப நேரம் போனது.

இந்த நடைக்கு ஆறு மார்க் வந்ததே கோட்டைச் சுவர் மேல் ஏறி நின்று சொன்ன கதைகளால்தான். பிரான்சிஸ் டிரேக் 1586-இல் ஊரைப் பிடித்து, பேரம் படிகிற வரைக்கும் வீடுகளைக் கொளுத்திக்கொண்டே இருந்து, 1,07,000 டுகாட் (அந்தக் காலத்துப் பணம்) வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான். கட்டிக்கொண்டிருந்த பெரிய தேவாலயத்தில் ஒரு பகுதி அப்போது இடிந்தது. அதற்குப் பிறகு வந்த பயத்தில்தான் பவளப்பாறைக் கல்லை வெட்டி இந்தச் சுவரைக் கட்டத் தொடங்கினார்கள், கிட்டத்தட்ட இருநூறு வருடம் கட்டினார்கள், கல் சுமந்தது யார் என்று சொல்லவே வேண்டாம். அப்புறம் 1741. ஆங்கில அட்மிரல் எட்வர்ட் வெர்னன் 180-க்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்து முற்றுகையிட்டார். உள்ளே காவலுக்கு இருந்தவர் பிளாஸ் தெ லேசோ, பழைய சண்டைகளில் ஒரு கால் போய், ஒரு கண் போய், ஒரு கை வழங்காமல் போன கிழட்டு மாலுமி, அவரிடம் ஆறு போர்க்கப்பல், நாலாயிரம் பேருக்குள் ஆள்பலம். முதலில் சில இடங்களைப் பிடித்ததும் ஊரே விழுந்துவிட்டது என்று இங்கிலாந்துக்குச் செய்தி போய், லேசோ வெர்னன் முன்னால் மண்டியிடுகிற மாதிரி பதக்கமே அடித்துவிட்டார்கள். ஆனால் மழையும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கொன்றன, கோட்டை விழவில்லை, வெர்னன் திரும்பிப் போனார். ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் அந்தப் படையில் இருந்தவர், தன் தலைவன் நினைவாகத் தோட்டத்துக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயர் வைத்தார். மாமாவுக்கு இந்தப் பதக்க விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது, எல்.சி. என்கிற வங்கி உத்தரவாதக் கடிதம் வருவதற்கு முன்னால் சரக்கை ஏற்றிவிட்டு மாட்டிக்கொண்ட ஒரு பார்ட்டியின் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். கோட்டைக்கும் லேசோ சிலைக்கும் இந்த நடை போகாது, சான் பெலிப்பே கோட்டை கொஞ்சம் தள்ளி ஒரு குன்றின் மேல் இருக்கிறது, தனியாக டிக்கெட் எடுத்து ஏற வேண்டும்.

முடிந்த இடம்தான் கோபம். "நல்ல ஏசி, தண்ணீர் கொடுப்பார்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி ஒரு மரகதக் கடைக்குள் கொண்டுபோய் விட்டான். மரகதம் கொலம்பியாவின் பேர்போன சரக்கு, முசோ, சிவோர் சுரங்கங்களில் எடுப்பது உலகத்துக்கே போகிறது, அதில் குறையில்லை. ஆனால் மாமா யார்? காங்கயத்தில் பிறந்தவர். நம் படியூரில் எடுத்த கடல்நீலக்கல்லும் (அக்வாமரின்) மரகதமும் ஒரே இனம், இரண்டும் பெரில் என்கிற கனிமம்தான், நிறம் மட்டும் வேறு. படியூர் கல்லும் கொடுமணல் மணியும் ரோமாபுரி வரைக்கும் போன சங்கதி காங்கயத்துப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், கல் பட்டை போடுகிறவர்களோடு பழகின மனிதர் அவர். விற்பனைப் பெண் ஒரு மோதிரத்தை நீட்டியதும் விளக்கை விட்டு வெளியே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், விலை கேட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "கல்லு கல்லுதானுங்க, வெலதான் கல்லுமேல ஏறி ஒக்காந்திருக்குது" என்றார். அவர் முதலில் சொன்ன அந்த இரண்டாவது காரணம் இதுதான். கையில் வருகிற பணம் போதாதபோது கமிஷன் வேறு வழியில் வருகிறது. நடையில் அரை மணி நேரத்தை அந்தக் கடை தின்றுவிட்டது. பதிவு செய்யும்போதே "எந்தக் கடையிலும் நிற்காது" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில இடங்களில் அப்படித் தெளிவாகப் போடுகிறார்கள்.

பணம் கொடுக்கிற கட்டம். நாங்கள் போனபோது ஒரு ரூபாய்க்கு 45 கொலம்பிய பெசோ சுற்றி வந்தது. தலைக்கு 30,000 பெசோ என்று நாலு பேருக்கும் சேர்த்து 1,20,000 கொடுத்தோம், நம் பணத்தில் 2,650 ரூபாய் பக்கம். நோட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக் கை குலுக்குகிற மாதிரி கொடுக்கிறார்கள், வழிகாட்டியும் பார்க்காமலேயே பைக்குள் போட்டுக்கொள்கிறார், அப்படியே கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற காட்சிதான். அடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று கடைசி வரை தெரியாது. இந்த வேலை மாமாவிடம் விட்டது நல்லதாகப் போயிற்று.

இப்போது ஹெட்செமானி. பழைய காலத்தில் இது சுவருக்குள் இருந்த பணக்கார ஊருக்குப் பக்கத்தில், தனியாகக் கிடந்த குடியிருப்பு. கைவினைக்காரர்கள், கூலிக்காரர்கள், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இருந்த இடம். இருபது முப்பது வருடம் முன்பு வரைக்கும் பொழுது சாய்ந்தால் உள்ளே போகாதீர்கள் என்று எச்சரிக்கிற தெருக்கள். இப்போது சுவரெல்லாம் ஓவியம், சந்துக்கு மேல் கலர் கலராகக் குடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், இரவெல்லாம் கூட்டம். நடை சென்டெனாரியோ பூங்கா வாசலில் கிளம்பியது, நாலு மணிக்கு மேல், வெயில் இறங்கியிருந்தது. பூங்கா மரங்களில் குரங்கு, தேவாங்கு மாதிரி மெதுவாக நகர்கிற ஸ்லாத், தரையில் உடும்பு அளவுக்குப் பச்சை இகுவானா. வர வேண்டியவர்களுக்காக இருபது நிமிடம் காத்திருந்தோம். சிலர் வரவேயில்லை. முன்பணம் இல்லாத பதிவென்றால் இப்படித்தான், ஓசியில் பதிந்தவர்களுக்கு வராமல் இருக்கக் கூச்சம் இருக்காது.

வழிகாட்டி அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெண், நாற்பது வயது இருக்கும். பன்னிரண்டு பேர்தான் குழு. ஜோக் எதுவும் இல்லை. முதல் கேள்வியே, "காலையில் மணிக்கூண்டுச் சதுக்கத்தைப் பார்த்தீர்களா, அங்கே உங்களுக்கு என்ன சொன்னார்கள்" என்பதுதான். மிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. கப்பலில் எப்படி அடுக்கிக் கொண்டுவந்தார்கள், இறக்கியதும் எப்படி எடை போட்டுப் பல் பார்த்து, சூட்டுக்கோல் வைத்து விற்றார்கள் என்று கால் மணி நேரம் நின்ற இடத்தில் நின்று சொன்னார். மாமா வாயில் போட்டிருந்த புளி உருண்டையை மென்று முழுங்காமல் அப்படியே நின்றார். நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்ததை அந்தப் பெண் கவனித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு எனக்காக நிறுத்தினார். கேட்டு வாங்கிய சலுகை அல்ல.

அப்புறம் பென்கோஸ் பியோஹோ. சங்கிலியை அறுத்துக்கொண்டு தன் ஆட்களோடு சதுப்பு நிலத்துக்குள் ஓடி, தனியாகக் குடியிருப்பு அமைத்து, ஸ்பானியப் படையை எதிர்த்து நின்றவர். சமாதானம் பேசிவிட்டு அப்புறம் பிடித்து 1621-இல் தூக்கில் போட்டார்கள். ஓடிப்போனவர்கள் அமைத்த ஊர்களில் ஒன்று, சான் பாசிலியோ தெ பலெங்கே, கார்த்தஹேனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம், இன்றைக்கும் இருக்கிறது, ஸ்பானிஷும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனி மொழி பேசுகிறார்கள், 2005-இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைச் சிறப்பித்தது. தலையில் பழக்கூடையோடு கலர் பாவாடையில் நின்று படத்துக்குப் பணம் கேட்கிற பெண்கள் அந்த ஊர்க்காரர்கள்தான், காலையில் எங்களுக்கு அது சொல்லப்படவில்லை. தப்பிக்கிற வழியைப் பெண்கள் தலைப்பின்னலில் வரைபடமாகப் பின்னி வைத்தார்கள் என்று அந்த மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எந்தப் பின்னல் ஆறு, எந்தப் பின்னல் பாதை என்று கேட்டு, என் மனைவியும் அத்தையும் அந்தப் பெண்ணை விடவேயில்லை.

திரினிதாத் சதுக்கத்தில் மஞ்சள் தேவாலயத்துக்கு முன்னால் உட்காரவைத்து 1811 நவம்பர் 11 கதையைச் சொன்னார். பெரிய மனிதர்கள் ஸ்பெயினோடு முழுதாக முறித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, பெத்ரோ ரொமேரோ என்கிற கியூபாவிலிருந்து வந்த கொல்லுப்பட்டறைக்காரர் தலைமையில் இந்தத் தெரு ஆட்கள் ஆயுதத்தோடு உள்ளே போய், கையெழுத்துப் போடு என்று நின்றார்கள், போட்டார்கள். அதற்கான விலையை நாலு வருடம் கழித்துக் கொடுத்தார்கள். 1815-இல் ஸ்பானியத் தளபதி மொரியோ வந்து மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை போட்டு, சுவருக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். வீர நகரம் என்கிற பட்டம் அதனால் வந்தது. சுதந்திரத்துக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த தெருவில் இன்றைக்கு வாடகை கட்ட முடியாமல் பழைய குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போகின்றன, விற்ற வீடு ஹாஸ்டல் ஆகிறது, நீங்கள் எல்லாம் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பாதிப் பேர் பதில் சொல்லவில்லை.

இங்கேதான் எனக்கு இந்த விலை போடாத முறையின் கோளாறு புரிந்தது. கடைசியில் மனம் குளிர்ந்தால்தான் பை நிறையும் என்று இருக்கும்போது எந்த வழிகாட்டியும் முதலில் வெட்டுவது மனதைக் கனமாக்குகிற பகுதியைத்தான். காலைப் பையன் கெட்டவன் அல்ல. முப்பது பேரை இரண்டு மணி நேரம் சிரிக்கவைத்தால்தான் தலைக்கட்டணம் போக அவனுக்கு நாலு காசு நிற்கும், அதனால் மிட்டாய்க்குக் கால் மணி நேரம். அந்தப் பெண் துணிந்து வேறு மாதிரி செய்கிறார், நஷ்டப்படுகிற நாட்களும் இருக்கத்தான் செய்யும். அன்றைக்கு நஷ்டம் இல்லை. மாமா என்னைக் கேட்கவேயில்லை, பணப்பையைத் திறந்து 2,40,000 பெசோ எண்ணி, மடிக்காமல், இரண்டு கையாலும் கொடுத்தார். காலையில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. "ரேட்டு கேட்டிருந்தா கொறச்சுருப்பனுங்க மாப்ள" என்றார் வெளியே வந்து.

ஆகவே என் யோசனை, அறையை விட்டுக் கிளம்பும்போதே தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள், அங்கே கூலி, விலைவாசிக்கு 30,000 பெசோவுக்குக் கீழே போக வேண்டாம், நன்றாக இருந்தால் ஏற்றுங்கள். சிரிக்கவைத்ததற்கு மட்டும் ஏற்றாதீர்கள்.

தெருவில் வேறு சில விலை போடாத சேவைகளும் உண்டு. சும்மா நடந்து போகும்போது இரண்டு பையன்கள் ஸ்பீக்கரோடு வந்து உங்கள் சட்டை, தொப்பி, மூக்குக் கண்ணாடியை எல்லாம் வைத்து ராப் பாட ஆரம்பிப்பார்கள், பாடி முடித்துக் கை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், கேட்டுவிட்டுப் பிறகு மறுத்தால் அடுத்த பாட்டு வேறு தொனியில் வரும். பழக்கூடைப் பெண்களைப் படம் எடுப்பதற்கு முன்னாலேயே தொகை பேசிக்கொள்ளுங்கள், அது அவர்கள் தொழில், ஒளிந்து நின்று போனில் எடுக்காதீர்கள்.

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: வருடம் முழுக்க 30 டிகிரிக்கு மேல், அதைவிடப் புழுக்கம்தான் கொல்கிறது, கோவைக் காற்று பழகினவர்களுக்குக் காலை பத்து மணி நடை ரொம்பச் சிரமம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றும் நடந்தும்தான், உட்கார இடம் அவ்வப்போதுதான் கிடைக்கும், வழியில் கழிப்பறைக்கு நிறுத்த மாட்டார்கள், ஏதாவது கடையில் காசு கொடுத்துப் போக வேண்டும். கல் பாவிய தெரு, செருப்பை விட ஷூ நல்லது. முட்டி வலிக்காரர்கள் சுவர் மேல் ஏறாமல் கீழேயே நிற்கலாம், கதை கீழேயும் கேட்கும். அத்தை சனிக்கிழமை கவுச்சி தொட மாட்டார், அன்றைக்குத் தேங்காய்ப்பால் சாதம், நசுக்கிப் பொரித்த வாழைக்காய், பீன்ஸ் என்று சமாளித்துவிட்டோம், தேங்காய்ப்பாலில் எலுமிச்சை கலந்து ஐஸ் போட்டுத் தருகிற ஜூஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, அதை மட்டும் தவறவிடாதீர்கள். மாங்காய்க்கு உப்புப் போட்டுத் தெருவில் விற்கிறார்கள், எலுமிச்சையும் பிழிகிறார்கள்.

விசா விஷயம்: அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ இன்னும் 180 நாளாவது செல்லுபடியாகிற மாதிரி இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களைக் கொலம்பியா தனி விசா இல்லாமல் விடுகிறது, நாங்கள் அப்படித்தான் போனோம், விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் ஒருமுறை பாருங்கள். வெர்னன் படையைத் தின்ற அதே மஞ்சள் காய்ச்சல் இன்றைக்கும் கொலம்பியாவில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்கினால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கிளம்புவதற்கு முன்பே, நம் பக்கத்து ஆட்கள் என்றால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஒரு நடை போய்ப் போட்டுக்கொள்வது நல்லது. வயதானவர்களுக்கு இந்த ஊசி எல்லோருக்கும் ஒத்துவராது, மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பணத்தை 20,000, 50,000 பெசோ நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டிகளிடம் சில்லறை கேட்டு நிற்க முடியாது. ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஹெட்செமானிக்குப் பதிந்துவிடுங்கள், சின்னக் குழுவாக, அந்தப் பகுதியிலேயே பிறந்த வழிகாட்டியா என்று கேட்டுக்கொண்டு.